பக்கத்துத் தாள்

அந்தக் குடத்தில் ஒடுக்கு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு மட்டுமா? வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஒடுக்கு இல்லாத குடத்தைத்தான் போட்டோம். அவள் ஒருத்திதான் ஒடுக்கோடு போட்டாள்.

மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில் உரக்கடைக்கு மேலே ஒரு நீள அறை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே ஓவிய வகுப்பு நடந்தது. கவின்கலை படித்துவிட்டு வந்த ஒரு இளைஞர் சொல்லிக்கொடுத்தார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், ஆனாலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மழைக்காலத்தில் ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து தாள் எல்லாம் நமுத்துப்போகும். நமுத்த தாளில் ரப்பர் போட்டால் கிழியும். அவள் தாள்தான் அதிகம் கிழியும். அழித்து அழித்துப் போடுகிறவள் அவள்தான்.

நான் அழிக்கிற ஆளே இல்லை. பிறந்தது கண்ணமங்கலம். எங்கள் தெருவில் பிளஸ் டூ படித்த யாருடைய உயிரியல் ரெக்கார்டும் என் கை படாமல் பள்ளிக்கூடம் போனதில்லை. செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றம், இலையின் குறுக்குவெட்டு, தவளையின் இதயம் என்று கேட்டதும் போட்டுக்கொடுப்பேன். கோடு ஒன்றே ஒன்றுதான் இழுப்பேன், கம்பி மாதிரி நிற்கும். கட்டிக்கொடுத்து மலைக்கு வந்த பிறகு பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க அடுத்தவர் காகிதத்தை நகல் எடுக்கிற வேலை. ஊரில் எனக்குப் பெயர் ஜெராக்ஸ்காரம்மா.

நான் அந்த வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. மலையிலேயே ஒரு தனியார் பள்ளியில் ஓவிய டீச்சர் தேடிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடியும்போது தாளாளர் அம்மா நேரில் வந்து, எல்லாருடைய படத்தையும் பார்த்து, ஒருவரை எடுத்துக்கொள்வார் என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த வேலை எனக்கு வேண்டும். என்னை யாராவது டீச்சர் என்று கூப்பிட வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவள் எதற்கு வந்தாள்? நானே கேட்டேன். "சும்மாதான் க்கா வந்தேன்" என்றாள். புருஷனுக்கு பேங்கில் வேலை, மாற்றலாகி மலைக்கு வந்திருந்தார்கள். அவளுக்குச் சொந்த ஊர் படவேடு. நெல்லும் கரும்புமாக நிலம் இருக்கிறதாம். "ஞாயித்துக்கிழமைன்னா அவர் சாப்ட்டுத் தூங்கிடுவாரு. வூட்ல உக்காந்து இன்னா பண்றது?" என்றாள். எனக்கு வாழ்க்கையாக இருந்த ஒன்று அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைவிட ஒரு வயதாவது அவள் மூத்தவளாகத்தான் இருப்பாள். அவள் என்னை அக்கா என்பாள்.

முதல் வகுப்பில் மாஸ்டர் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு செம்பருத்தியைச் செருகி வைத்தார். எதிரே இருப்பதைப் போடுங்கள் என்றார். செம்பருத்தியா, எனக்கா? நான் மளமளவென்று போட்டேன். புல்லிவட்டம், அல்லிவட்டம், சூலகம், சூல்கள், எல்லாம் போட்டு ஸ்கேல் வைத்துக் கோடிழுத்துப் பாகமும் குறித்துவிட்டேன். மாஸ்டர் வந்து நின்றார்.

"இந்தப் பூவை யாருங்க அறுத்தது?" என்றார்.

வகுப்பே சிரித்தது. எதிரே இருந்தது அறுக்காத முழுப் பூ. நான் போட்டிருந்தது நடுவில் வகிர்ந்த பூ. அன்றைக்கு மூக்குடைந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, சிரிக்காமல் இருந்தவள் பக்கத்தில் இருந்த அவள்தான். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அவள் இன்னும் பூவைப் பார்த்து முடிக்கவில்லை, அவ்வளவுதான். வகுப்பு முடிகிறவரை அவள் போட்டிருந்தது ஒரே ஒரு இதழ். அதில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இவளுக்கு ஒரு இதழுக்கே இவ்வளவு நேரம் என்றால் நமக்குப் போட்டி இல்லை என்று நினைத்தேன். மாஸ்டர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். பார்த்துக்கொண்டே நின்றார். என் செம்பருத்தியை அவர் அப்படிப் பார்க்கவில்லை.

அங்கே ஆரம்பித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

குடத்துக்கு வருகிறேன். பித்தளைக் குடம். அந்த மாதிரி சாமானுக்கு எங்களுக்கெல்லாம் ஒரு வழி உண்டு. தாளை நடுவில் மடித்து, பாதிக் குடத்தை அழுத்திப் போட்டு, திரும்ப மடித்துத் தாளின் முதுகில் நகத்தால் தேய்த்தால் மறுபாதி தானாக விழும். இரண்டு பக்கமும் ஒரு நூல் பிசகாது. அப்படித்தான் போட்டேன். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்த மாதிரி இருந்தது குடம். வகுப்பில் பாதிப் பேர் என்னைப் பார்த்து அதே போலத் தாளை மடித்தார்கள். அவள் மட்டும் பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, குடத்தை அளந்து, அழித்து, மறுபடி அளந்துகொண்டிருந்தாள். பென்சிலும் சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிற, முனையில் ரப்பர் வைத்த பென்சில். அதன் பின்பக்கத்தைக் கடித்துக் கடித்துத் துப்புவாள். குடம் ஒரு பக்கம் சப்பையாக வந்திருந்தது.

"இன்னாங்க, சாஞ்சு கிடக்குது உங்க குடம்?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

"ஒடுக்கு இருக்குதே க்கா. நீங்க பாக்கல?" என்றாள்.

எழுந்துபோய்ப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, என் பக்கம் திரும்பிய இடத்திலேயே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஒடுக்கு. காலையிலிருந்து என் கண்ணுக்கு நேரே இருந்திருக்கிறது.

அவள் அப்படித்தான். பார்த்தால்தான் போடுவாள், பார்த்தால்தான் சொல்வாள். பார்க்காததைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது. ஒருமுறை போளூரிலிருந்து மலைக்கு வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாக வந்தோம். ஒரு வளைவில் எதிரே வந்த பைக் பஸ்ஸில் உரசிக் கீழே விழுந்தது. ஆளுக்குப் பெரிய அடி இல்லை. ஆனால் போலீஸ்காரர் வந்துவிட்டார். பைக்கில் வந்தவன் மேல்தான் தப்பு, தாறுமாறாக ஏறி வந்தான் என்று பஸ்ஸில் இருந்த எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். நானும்தான் சொன்னேன். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் ஜன்னலோரம் இருந்த அவளிடம் கேட்டார்.

"மோதனத நான் பாக்கலீங்க. சத்தம் கேட்டுத் திரும்பினேன். அந்தத் தம்பி கீழ விழுந்து கிடந்ததுதான் தெரிஞ்சுது" என்றாள்.

"ஜன்னலாண்ட தான உக்காந்துனு இருந்த?"

"ஆமாங்க. ஆனா அந்தப் பக்கம் ஒரு ஆடு மரத்துல காலை வெச்சு நின்னுனு இருந்துச்சு. அதைப் பாத்துனு இருந்தேன்."

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். போலீஸ்காரர் மறுபடி எல்லாரிடமும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். இந்தத் தடவை, "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். என் முறை வந்தபோது நான் என் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

மாஸ்டர் வீட்டில் குழந்தை பிறந்து எல்லாரும் பார்க்கப் போனோம். அப்பா மூக்கு, பாட்டி நெற்றி என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். இவள் தொட்டிலைக் குனிந்து பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். மாஸ்டரின் மாமியார் ஆசையாக, "யார் ஜாடைம்மா?" என்றார். "யார் ஜாடையும் இல்லீங்க. அது மாதிரி அது இருக்குது" என்றாள். அந்த அம்மா முகம் சுண்டிப்போனது. மாஸ்டர் முகமோ பூரித்துப்போனது. நான் சொன்ன அப்பா மூக்கு எங்கே போனது என்றே தெரியவில்லை.

எங்கள் கடைக்கும் வருவாள். ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக் ஜெராக்ஸ் என்று ஏதாவது இருக்கும். வேலை முடிந்தால் போக வேண்டாமா? போக மாட்டாள். ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ரெக்கார்டு நோட்டோடு வந்து மொய்ப்பார்கள். நான் முன்போலப் போட்டுக்கொடுப்பதில்லை, கடையில் யாருக்கு நேரம் இருக்கிறது? நீயே போடு, இங்கிருந்து ஆரம்பி, கையைத் தூக்காதே என்று வாயால் சொல்லியபடியே மெஷினில் தாள் வைப்பேன். அப்போதெல்லாம் அவள் அங்கே நின்றிருக்கிறாள். அவளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

தாளைப் பார்க்காமல் போடுகிற பயிற்சி ஒன்று உண்டு. இடது கையை மேஜைமேல் வைத்து, அதையே பார்த்தபடி, வலது கை போடுவதை ஒரு துணியால் மூடிக்கொண்டு வரைய வேண்டும். எனக்கு அது கொடுமை. துணியைக் கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் எட்டிப் பார்த்து, நடனம் ஆடுகிற பெண்ணின் கை மாதிரி, விரல் கூம்பிய ஒரு கையைப் போட்டேன். அவள் துணியை எடுத்தபோது தாளில் இருந்தது இஞ்சிக் கிழங்கு. நான் வாய்விட்டே சிரித்தேன். மாஸ்டர் அவள் கையை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வளைந்த சுண்டுவிரல், சதைக்குள் புதைந்த மோதிரம், கட்டைவிரலின் உடைந்த நகம். அந்தக் கிழங்கு அந்தக் கைதான். என் சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டில் போய்ப் பழகலாம் என்று எங்கள் வீட்டுக்காரரை உட்கார வைத்துப் போட்டேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

"என் மூக்கு இவ்ளோ அழகாவா இருக்குது? ஃபிரேம் போட்டுடலாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அது அவர் மூக்கு இல்லை. ஊரில் யார் உட்கார்ந்தாலும் என் பென்சில் அந்த மூக்கைத்தான் போடும். அழகான மூக்கு. எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கு அது வேண்டாம், அவளுடைய இஞ்சிக் கிழங்குதான் வேண்டும் என்று ராத்திரியெல்லாம் மனசு அரித்தது.

அதற்குப் பிறகு நான் வேறு இடத்தில் உட்காரவே இல்லை. முந்திப் போய் அவள் பக்கத்து பெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். எங்கிருந்து ஆரம்பிக்கிறாள், முதல் கோடு எது, எவ்வளவு அழுத்துகிறாள், இதெல்லாம் தெரிந்துவிட்டால் போதும், பிடித்துவிடலாம் என்று இருந்தது. என் தாளில் கை ஓடும், கண் அவள் தாளில் இருக்கும். அவள் அதைக் கவனித்தாள். கவனித்து என்ன செய்தாள் தெரியுமா? எனக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று தன் அட்டையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். மறைத்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன்.

கடைசி வகுப்பு வந்தது. தாளாளர் அம்மா வருகிற நாள். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் போட வேண்டும் என்றார் மாஸ்டர். எனக்கு அவள், அவளுக்கு நான். காலையிலேயே சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்திருந்தேன். புதுப் பென்சில் நான்கு சீவி வைத்திருந்தேன். நான் அவளை எவ்வளவு அழகாகப் போட்டேன் என்று எனக்கே தெரியும். நீளக் கண், வளைந்த புருவம், சொப்பு வாய். அவளுக்கு முன்னாலேயே முடித்தும்விட்டேன். முடித்துவிட்டு, வழக்கம்போல, அவள் தாளில் என்ன நடக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்ததால் தலைகீழாகத்தான் தெரிந்தது. என்ன போட்டிருக்கிறாள் என்று பிடிபடவே இல்லை.

தாளாளர் அம்மா வந்தார். எல்லாப் படத்தையும் சுவரில் வரிசையாகக் குத்தியிருந்தோம். என் படத்தின் முன்னால் நின்றார்.

"ரொம்ப அழகா இருக்குது. யாருங்க இது, சினிமா நடிகையா?" என்றார்.

அவள் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், தோளோடு தோளாக.

அடுத்த படத்துக்குப் போனார். பார்த்தார். சட்டென்று திரும்பி அத்தனை பேர் நடுவில் என்னைக் கண்டுபிடித்து, "இது நீங்கதான?" என்றார். வகுப்பு முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. நானும் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். கழுத்து ஒரு பக்கம் நீண்டிருக்கிறது. ஒரு தோள் ஏறியிருக்கிறது. கீழ் உதட்டைப் பல்லால் கடித்திருக்கிறேன். இமை தாழ்ந்து, கண் ஓரமாகக் கீழே எதையோ குறிவைத்துப் போகிறது. பார்வை மட்டும் தாளுக்கு வெளியே நிற்கிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு அவளை ஓரமாக இழுத்துப்போனேன்.

"இன்னாங்க, என்னைப் போய் இப்டி போட்டுட்டீங்க?"

"இப்டித்தான க்கா இருந்தீங்க" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "ஒரு வாட்டியாவது நிமிந்து என்னைப் பாப்பீங்கன்னு நானும் காத்துனு இருந்தேன். கண்ணு போடணும் இல்ல? நீங்க கடைசி வரைக்கும் பாக்கவே இல்ல. சரின்னு இமையைப் போட்டுட்டேன்."

அதற்குள் தாளாளர் அம்மா அவளைக் கூப்பிட்டுவிட்டார். "நீங்க எங்க ஸ்கூலுக்கு வர்றீங்களா?" என்றார். முடிந்தது என்று நினைத்தேன். அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அவள் யோசித்தாள். அதற்கும் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நான் யாருக்கும் சொல்லிக்குடுத்தது இல்லீங்க. எனக்கு அது வருமான்னு தெரியாது. இந்த அக்கா சொல்லிக்குடுத்துப் பாத்திருக்கேன்."

"எங்க பாத்தீங்க?"

"அவங்க ஜெராக்ஸ் கடைலங்க. ஒரு பொண்ணு ரெக்கார்டு தப்பாப்போச்சுன்னு அழுதுனு வந்துச்சு. இவங்க அது பென்சிலத் தொடல. வாயாலயே சொல்லி, அது கையாலயே போட வெச்சாங்க. போகும்போது அந்தப் பொண்ணு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்து சிரிச்சுனே போச்சு. ஒரு நாள் இல்லீங்க, நெறைய நாள் பாத்திருக்கேன்."

தாளாளர் அம்மா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர், "மேடம், இவங்க பாக்காத எதையும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. என் படத்தால் இல்லை. அவள் வாயால். கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும், கும்பிடவும் செய்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. என் கடையில், என் கண் முன்னால், ஒரு பெண் சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் அதைப் பார்க்கவில்லை. அதையும் இவள்தான் பார்த்திருக்கிறாள்.

கொஞ்ச நாளில் அவள் புருஷனுக்குக் கணியம்பாடிப் பக்கம் மாற்றல் வந்தது. போகும்போது அந்தப் படத்தைச் சுருட்டி என் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இதான்டி நீ. பக்கத்து வூட்ல ஃபிரிட்ஜ் எறக்குனாங்களே, அன்னிக்குப் பாத்த பாரு, அதே பார்வை" என்றார். நான் போட்ட அவர் மூக்கைக் கழற்றிவிட்டு அந்த ஃபிரேமில் இதை மாட்டியும்விட்டார். இன்றைக்கும் கூடத்தில் தொங்குகிறது.

இப்போது எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் குடத்தை வைத்தால் ஒடுக்கு உள்ள குடமாகத் தேடி வைக்கிறேன். தாளை மடிக்கவிடுவதில்லை. கடையை இப்போது வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் கடையைக் கட்டிவிட்டு வந்தவர், சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்து, "இதைப் போட்ட அந்தம்மா எப்டி இருப்பாங்கன்னே மறந்துபோச்சு. நீதான் படம் போடறவளாச்சே, போட்டுக் காட்டு" என்றார்.

அதற்கென்ன என்று உட்கார்ந்தேன். இஞ்சிக் கிழங்கு மாதிரி அந்தக் கையைப் போட்டேன். புதைந்த மோதிரத்தைப் போட்டேன். கடித்த பென்சிலைப் போட்டேன். என் பக்கம் சாய்த்து வைத்த அட்டையையும், அதில் ஓட்டை விழுந்த அந்த இதழையும்கூடப் போட்டேன். எல்லாம் அப்படியே வந்தது. மேலே போனேன். நீளக் கண்ணும் வளைந்த புருவமும் சொப்பு வாயும்தான் வந்தது. அழித்தேன். மறுபடி அதே வந்தது. தாள் கிழிகிறவரை அழித்தேன்.

வாராவாரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அவள் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தால், நான் எதிரே இல்லாமலே என்னைப் போட்டுவிடுவாள். எனக்கு அவள் மூக்கு எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.